நான்கு வயதுக் குழந்தையும் பயிற்சி வகுப்பும்

மூன்றரை அல்லது நான்கு வயதுள்ள ஒரு குழந்தை, காலையில் கண்விழித்த கணம் முதல் இரவில் கண்ணயரும் வரையில், சோபாவின் முதுகில் ஏறிக் குதித்தும், கட்டிலை ஆட்டமேடையாக்கியும், சமையலறைக்கும் கூடத்துக்குமாக இடைவிடாது ஓடியும், வீட்டிலுள்ளோரை ஒரு நிமிஷமும் உட்காரவிடாமல் செய்துகொண்டிருக்குமானால், அந்த வீட்டாருக்குப் பாட்டி முதல் எல்.கே.ஜி. ஆசிரியை வரையில் எல்லோரும் ஒரே குரலில் கூறும் யோசனை ஒன்று இருக்கிறது: "இவனைக் கராத்தேயில் போட்டுவிடுங்கள், தானே அடங்கிவிடுவான்." கராத்தே வகுப்பு அருகில் இல்லையென்றால் ஸ்கேட்டிங், அதுவும் இல்லையென்றால் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண் குழந்தையானால் பரத நாட்டியம் என்று வகுப்பின் பெயர் மாறுமே தவிர யோசனை மாறுவதில்லை. மிஞ்சிக் கிடக்கும் சக்தி செலவாகிவிடும், கட்டுப்பாடு வந்துவிடும், இந்த வயதில் தொடங்கினால்தான் பிற்காலத்தில் பதக்கம் வாங்க முடியும் என்று அதற்குக் காரணங்களும் கூறப்படுகின்றன. இவ்வளவு பேர் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லும் அபிப்பிராயத்தைப் பெற்றோர் எளிதில் தட்டிவிட முடியாது என்பதை அறிவேன். ஆயினும் அதன் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலித்தால், ஒன்றுகூட நான்கு வயதுக் குழந்தையின் விஷயத்தில் நிலைக்காது என்பதே என் துணிபு.

குழந்தையின் தேகத்தில் தேவைக்கு மேற்பட்ட சக்தி தேங்கி நிற்கிறது, அதை எங்கேனும் கொட்டித் தீர்த்துவிட்டால் எஞ்சிய நேரத்தில் அது சாதுவாக இருக்கும் என்ற எண்ணம் நம் வீட்டுப் பாட்டிமார் கண்டதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியக் கவி ஷில்லரும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர் ஹெர்பர்ட் ஸ்பென்சரும் விளையாட்டு என்பது மிஞ்சிய சக்தியின் வெளிப்பாடு என்று எழுதினார்கள். படித்தவர் உலகம் அதை நெடுநாள் நம்பிற்று. 1896ஆம் வருஷத்தில் கார்ல் குரூஸ் என்ற மற்றொரு ஜெர்மானியர், மிருகங்களின் விளையாட்டைக் குறித்து எழுதிய நூலில் இந்தக் கொள்கையை எதிர்த்தார். மிஞ்சிய சக்தி விளையாட்டுக்கு அநுகூலமாக இருக்கலாம், ஆனால் அதுவே விளையாட்டுக்குக் காரணமன்று. பிற்காலத்தில் பிழைப்பதற்கு வேண்டிய திறமைகளை ஓர் உயிர் பயின்றுகொள்ளும் வழியே விளையாட்டு என்பது அவர் வாதத்தின் சாரம். இது எவ்வளவு உண்மை என்பதற்கு நூலாதாரம் தேட வேண்டியதில்லை. பகல் தூக்கம் இல்லாமல், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நாள் முழுவதும் அலைந்து, களைப்பின் எல்லையில் இருக்கும் குழந்தை இரவு ஒன்பது மணிக்கு என்ன செய்கிறது? அடங்கிப் படுப்பதில்லை, முன்னிலும் இரண்டு மடங்கு ஆடுகிறது. சக்தி தீர்ந்தால் ஆட்டம் தீரும் என்ற கணக்கு அந்த இடத்திலேயே பொய்த்துப்போகிறது.

அப்படியானால் அந்த ஓயாத அசைவுதான் என்ன? அந்த வயதில் கல்வி என்று ஒன்று உண்டானால், அது அந்த அசைவைத் தவிர வேறன்று. மூன்று வயதில் மூன்று சக்கர சைக்கிளை மிதிக்கிறது. நான்கு வயதையொட்டி ஒற்றைக் காலில் நொண்டி அடிக்கிறது. பெரிய பந்து வந்தால் முதலில் மார்போடு அணைத்துப் பிடித்து, பிறகு கைகளால் மட்டும் பிடிக்கக் கற்கிறது. ஐந்து வயதில் கால் மாற்றிக் குதித்துச் செல்கிறது. இவற்றில் ஒன்றையேனும் விளக்கிச் சொல்லிக் கற்பித்தவர் எவரும் இல்லை. நூறு தடவை விழுந்து, நூற்றோராவது தடவை விழாமல் நிற்கும்போது, உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பும், தசைகளும், கண்ணும் ஒன்றோடொன்று உடன்படிக்கை செய்துகொள்கின்றன. சோபாவின் முதுகில் ஏறுகிற குழந்தை பெற்றோரைச் சோதிக்கவில்லை; உயரம் எவ்வளவு, தன் கை எட்டுவது எவ்வளவு, குதித்தால் முழங்கால் எவ்வளவு மடிய வேண்டும் என்று அளந்துகொண்டிருக்கிறது. மேரியா மாண்டிஸோரி அம்மையார் 1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் அடையாற்றுக்கு வந்து, யுத்தம் மூண்டதால் 1946 வரையில் இந்தியாவிலேயே தங்கி, நம் நாட்டு ஆசிரியர்களுக்கு ஓயாமல் எடுத்துரைத்த விஷயங்களில் இதுவும் ஒன்று: அறிவும் அசைவும் குழந்தையினிடத்தில் இரண்டல்ல. அவர் பள்ளியில் தரையில் கோடு வரைந்து அதன்மேல் குழந்தையை நடக்கவிட்டார்கள்; எந்தக் குழந்தையும் தெருவோர மதிற்சுவரைக் கண்டால் தானாகவே ஏறி நடக்க விரும்புவதைக் கண்டு, அந்த விருப்பத்தையே பாடமாக்கினார்கள்.

நம்முடைய இலக்கியம் இதை வேறொரு விதத்தில் எப்போதோ அறிந்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்ற பிரபந்த வகையில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்த பெரியோர்கள், அந்தப் பருவங்களுக்குப் பெயரிட்ட முறையைக் கவனிக்க வேண்டும். ஒரு முழங்காலை மடக்கிக் கைகளை ஊன்றித் தலையை அசைப்பது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. ஆண் குழந்தைக்குரிய கடைசி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண் குழந்தைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் கூறப்படுகின்றன. அக்கம்பக்கத்துச் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் உதைத்து அழிப்பதையும், காதடைக்கப் பறை கொட்டுவதையும் குற்றமாகக் கருதி அடக்க முற்படாமல், தெய்வக் குழந்தைக்கே உரிய பருவங்களாக வைத்துப் பாடினார்கள். முருகனுக்கும் கண்ணனுக்கும் உரிய குறும்பு எதிர்வீட்டுப் பையனிடம் காணப்படும்போது மட்டும் அதற்குச் சிகிச்சை தேடுவது நியாயமாகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிஷம் பலவிதமாக உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் ஆட்டமுமாக இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு இது 1,260 நிமிஷம். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு முக்கால் மணி வீதம் நடக்கும் வகுப்பு 90 நிமிஷம். அதாவது தேவையில் பதினான்கில் ஒரு பங்கு. அந்த 90 நிமிஷமேனும் முழுமையாகக் குழந்தைக்குக் கிட்டுகிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. இருபது குழந்தைகளுக்கு ஒரே சமநிலைக் கட்டை, ஒருவருக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், நாற்பது நிமிஷத்தில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது இரண்டே நிமிஷம். மீதி முப்பத்தெட்டு நிமிஷமும் வரிசையில் நிற்பதுதான் அதன் பயிற்சி. துடியான குழந்தையால் வரிசையில் நிற்க முடியாது. முன்னால் நிற்பவனைத் தள்ளும், தரையில் படுத்து உருளும், மாஸ்டரிடம் திட்டு வாங்கும். எந்தக் குழந்தைக்காக வகுப்பு பரிந்துரைக்கப்பட்டதோ அந்தக் குழந்தைக்கே அது மிகவும் பொருந்தாத இடமாக முடிகிறது. வகுப்பு இருக்கிறதே என்ற திருப்தியில் வீட்டார் மற்ற ஐந்து நாளும் குழந்தையைத் தொலைக்காட்சியின் எதிரிலோ கைபேசியின் எதிரிலோ உட்கார வைத்துவிட்டால், நஷ்டம் இன்னும் பெரிது.

கட்டுப்பாடு வரும் என்பது அடுத்த வாதம். பெற்றோரின் மனத்தை அதிகம் கவர்வதும் இதுவே. கராத்தேயை நான் குறைத்துப் பேசவில்லை. ஒகினாவாத் தீவின் பள்ளிகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடோசு என்ற ஆசான் அதைக் கொண்டுவந்தபோது, மாணவர்க்கு ஏற்றபடி எளிய வரிசைகளை அமைத்துத் தேகப் பயிற்சியாகவே அதைச் செப்பனிட்டார். உரிய வயதில் உரிய ஆசானிடம் பயின்றால் அது மகத்தான கலை. ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு மூன்று மாதத்துக்கொரு பரீட்சை, பரீட்சைக்கொரு கட்டணம், கட்டணத்துக்கொரு வர்ணப் பட்டை என்ற ஏற்பாட்டுக்கு அந்தக் கலையின் பூர்வ சரித்திரத்தில் ஆதாரம் கிடையாது. கறுப்புப் பட்டை என்பதே ஜூடோவிலிருந்து கராத்தே இரவல் பெற்ற வழக்கம். 1924இல் பூனகோஷி என்ற கராத்தே ஆசான் முதன்முதலாக அதை அளித்தது வளர்ந்த மனிதர்களுக்கு. இடுப்பில் ஏறும் பட்டையின் வர்ணத்தைப் பார்த்துக் கட்டுப்பாடு ஏறிவிட்டதாகக் கருதும் பெற்றோர், அதே குழந்தை வீடு திரும்பியதும் முன்போலவே கட்டிலில் குதிப்பதைக் கண்டு ஏமாற்றம் அடைகிறார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிறர் அதட்டலுக்கு அஞ்சி அசையாமல் நிற்பது ஒன்று. தன் உடலைத் தானே நிறுத்திக்கொள்ளும் வலிமை வேறொன்று. முன்னது அதட்டுபவர் அகன்றதும் அகன்றுவிடும்.

பின்னது எங்கே பிறக்கிறது என்பதை ருஷ்ய உளவியல் அறிஞர் விகோட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவில் தெளிவாகக் காட்டினார். விளையாட்டில் குழந்தை தன் இச்சைப்படி நடப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் விளையாட்டின் விதிக்காகத் தன் இச்சையை அடக்கிக்கொள்ள முதன்முதலில் அங்கேதான் அது பழகுகிறது. கண்ணாமூச்சியைப் பாருங்கள். சாப்பாட்டு மேஜையில் அரை நிமிஷம் உட்காராத பிள்ளை, சுவரில் முகத்தைப் பதித்து, கண்ணை மூடி, பத்து எண்ணும் வரையில் திரும்பிப் பாராமல் நிற்கிறான். ஒளிந்துகொண்டவனோ மூச்சைக்கூட அடக்கிக் கதவிடுக்கில் நிற்கிறான். "ஸ்டாச்சு" என்று ஒருவன் கூவியதும் ஓடுகிற கால் ஓடியபடியே நின்றுவிட வேண்டும் என்ற ஆட்டத்தில், எந்த மாஸ்டராலும் பெற முடியாத அசைவின்மையை நான்கு வயதுக் குழந்தை தானே விரும்பி அளிக்கிறது. பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்று என்று ஒப்புக்கொண்டு வெளியேறுகிறதே, அதைவிடச் சிறந்த கட்டுப்பாட்டை எந்த வகுப்பும் கற்பித்ததாக நான் அறியேன்.

சீக்கிரம் தொடங்கினால்தான் முன்னுக்கு வரலாம் என்பவர்கள் டைகர் உட்ஸின் பெயரைச் சொல்வார்கள். 1978இல் இரண்டு வயதுக் குழந்தையாகத் தொலைக்காட்சியில் கோல்ப் மட்டையைச் சுழற்றியவர் பிற்காலத்தில் உலகத்தின் முதல் ஆட்டக்காரரானது வாஸ்தவம். ஆனால் அப்படித் தொடங்கி, பத்து வயதில் சலித்து, பதினான்கு வயதில் மூட்டு வலியோடு விலகியவர்களைத் தொலைக்காட்சி காட்டுவதில்லை. ரோஜர் பெடரர் பன்னிரண்டு வயது வரையில் டென்னிஸோடு கால்பந்தையும் வேறு பல ஆட்டங்களையும் ஆடிக்கொண்டிருந்தவர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரே விளையாட்டில் முழு மூச்சாக இறங்குவதை 15, 16 வயது வரையில் ஒத்திப்போடுவதே நலம் என்று கூறியிருக்கிறது. இளம் வயதிலேயே உச்சத்தை எட்டும் கலையென்று பெயர்பெற்ற பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸிலேயே, சர்வதேசப் போட்டிக்குரிய குறைந்த வயதை 1997இல் 16 ஆக உயர்த்த நேர்ந்தது.

இவற்றையெல்லாம்விட வலுவான அத்தாட்சி நார்வே தேசம். அங்கே குழந்தை விளையாட்டுக்கென்று 1987இல் வகுத்து, 2007இல் திருத்திய விதிகளின்படி, 11 வயதுக்குள் தர வரிசை வெளியிடக் கூடாது. 13 வயதுக்குள் தேசியப் போட்டி கிடையாது. எந்த ஆட்டம், எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பதில் குழந்தைக்கும் உரிமை உண்டு. சென்னைப் பெருநகரின் ஜனத்தொகையைவிடக் குறைந்த ஜனத்தொகையுள்ள அந்த நாடு, 2018ஆம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களில் 39 பதக்கங்கள் பெற்று உலகத்தில் முதலாவதாக நின்றது. பனி அவர்கள் நாட்டில் இயற்கையாக இருக்கிறது என்று ஆட்சேபிக்கலாம். பனி ருஷ்யாவிலும் கனடாவிலும் குறைவில்லை. குழந்தையை அவசரப்படுத்தாததால் அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை என்பது மட்டும் பிரத்தியட்சம்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். "ஓடிப்பிடித்து விளையாடு என்கிறீர்கள், எங்கே ஓடுவது?" என்று கேட்கிற தாய்க்குச் சுலபமான விடை கிடையாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. கீழே இருந்த திறந்தவெளி கார் நிறுத்துமிடமாகிவிட்டது. வராந்தாவில் பந்து உதைத்தால் சங்கத்துக் காரியதரிசி புகார் செய்கிறார். தெருவில் மோட்டார் சைக்கிள்கள் ஓய்வதில்லை. தாயும் தகப்பனும் வேலையிலிருந்து திரும்பும்போது இருட்டிவிடுகிறது. இந்த நிலையில் வகுப்பு என்பது ஒரு குழந்தை பத்திரமாக ஓடக்கூடிய இடத்தை மணிக்கணக்கில் வாடகைக்குப் பெறுவதாகும். அப்படி உணர்ந்து சேர்ப்பவர்களோடு எனக்குச் சச்சரவு இல்லை. ஆனால் இடத்துக்காகச் சேர்க்கிறவர்கள் அந்த இடத்தில் தம் குழந்தை உண்மையாகவே ஓடுகிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டவர்கள். கட்டுப்பாட்டையும் பதக்கத்தையும் தேடுகிற மயக்கத்தில் இந்த ஒரே கேள்வி மறந்துபோகிறது.

ஆகையால் எந்தக் கலை என்பதைவிட எப்படிப்பட்ட வகுப்பு என்பதே இந்த வயதில் முக்கியம். உருளல், தவழல், தாண்டல், தொங்கல் என்று ஒரே சமயத்தில் பத்துக் குழந்தைகளும் அசைந்துகொண்டிருக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு நல்லது. அதே கூடத்தில் வரிசையில் நிறுத்திக் காலை விரித்து அழுத்தும் வகுப்பு தீங்கு. சிலம்பம் மண் தரையில், கம்பு கைக்கு வருமுன் காலடிகளையே விளையாட்டாகப் பழக்கும் ஆசானிடம் அமையுமானால், துடியான பிள்ளைக்கு அதைப்போல் பொருத்தமானது அரிது. பரத நாட்டியத்தில் அரைமண்டியிட்டுத் தட்டடவு பயில்வது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கடுமையான வேலை. அதைச் சிமெண்டுத் தரையில் நான்கு வயதுக் குழந்தையிடம் கேட்பது தகாது, இன்னும் இரண்டு வருஷம் கழித்து அழைத்து வாருங்கள் என்று திருப்பியனுப்பும் ஆசிரியையே நம்பத்தக்கவர். யோகாசனமும் பூனை, பாம்பு, தவளை என்று விளையாட்டாக இருக்கும் வரையில்தான் இந்த வயதுக்கு ஏற்றது.

நீச்சல் ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டும். அதன் காரணம் ஆரோக்கியத்துக்கும் மேற்பட்டது. கிணறும் ஏரியும் குளமும் கடலும் சூழ்ந்த நாட்டில் தண்ணீரில் மிதக்கத் தெரிவது உயிரைக் காக்கும் வித்தை. நான்கு வயது அதைத் தொடங்கத் தக்க வயதுதான். அங்கேயும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஆசிரியரின் கை எட்டும் தூரத்தில் எப்போதும் குழந்தை இருக்க வேண்டும். ஒரு மாஸ்டர் கரையில் நின்று பதினைந்து குழந்தைகளுக்கு விசில் ஊதுவது பயிற்சியாகாது. நீச்சல் கற்ற குழந்தையையும் தண்ணீரருகில் தனியே விடலாகாது.

கற்பிப்பவர் யார் என்பதையும் விசாரிக்க வேண்டும். தேகப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியை நிறுவினார், உடலைப் பழக்குவதும் படித்துத் தேர வேண்டிய தொழில் என்ற எண்ணம் இந்த நகரத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே வேரூன்றிவிட்டது. ஆகவே மாஸ்டர் எத்தனை கோப்பைகள் வென்றவர் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், பள்ளிக்குக்கூடப் போகாத சிறு குழந்தைகளோடு அவர் எத்தனை காலம் பழகியவர் என்று கேட்பது பெற்றோரின் உரிமை. கதவைச் சாத்திக்கொண்டு பெற்றோரை வெளியே அனுப்பும் வகுப்பில், எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், சேர்க்கக் கூடாது. மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் வகுப்பிலும் சேர்க்கக் கூடாது. அந்த வயதுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதைப் பறித்துக்கொண்டு கொடுக்கப்படும் எந்தப் பயிற்சியும் பிரயோஜனமற்றது. பிள்ளையின் துடிப்பு சாதாரண அளவைக் கடந்தது, பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, தன்னையும் பிறரையும் ஓயாமல் காயப்படுத்துகிறது என்ற ஐயம் இருந்தால், செல்ல வேண்டிய இடம் குழந்தை வைத்தியரின் அறை, கராத்தேக் கூடமன்று.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை ஆரம்பம் முதல் முடிவு வரையில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பிள்ளையைப் போன்ற துடியான ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு, அது எத்தனை நிமிஷம் அசைகிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துக் கணக்கெடுங்கள். அந்தக் குழந்தை வரிசையை விட்டு ஓடும்போது மாஸ்டர் என்ன செய்கிறார் என்பதையும் கவனியுங்கள். நிற்கும் நேரம் அதிகமாக இருந்தாலும், ஓடிய குழந்தையை மூலையில் நிறுத்தி வைத்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்தையும் அந்த மாலை நேரத்தையும் பூங்காவின் மணலிலோ கடற்கரையிலோ உங்கள் குழந்தையோடு செலவிடுங்கள்.